கழுத்தில் ஊசி போடும் முன் தமிழில் ஒரு தாள் கொடுங்கள்

கழுத்து ஜவ்வு விலகலுக்கு ஊசி போடும் வலி சிகிச்சை மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் வீட்டுக்காரர் 32 வருடமாகத் தையல்காரர். குனிந்த தலை நிமிராத வேலை. போன ஆடி மாதம் கழுத்தில் பிடித்த வலி, தோள்பட்டை வழியாக இறங்கி நடுவிரல் வரை வந்துவிட்டது. விரல் மரத்துப்போய் கத்திரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. ஆறாவது, ஏழாவது கழுத்தெலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. மாத்திரை, பயிற்சி என்று இரண்டு மாதம் ஓட்டியும் ராத்திரித் தூக்கம் இல்லை. கடைசியில் ஊசி போட்டுக்கொள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து தியேட்டர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் நாலு பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டினார்கள். “இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு.” அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். அதை யாரும் கேட்கவில்லை. கைப்பையில் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்து, “இதை இன்னைக்குப் போடலாமா சார்?” என்று நானாகக் கேட்டேன். மருத்துவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கு ஊசி வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் டப்பாவை நான் வீட்டிலேயே மறந்திருந்தால்? தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து தேங்கினால் கை கால் செயலிழந்துபோகலாம் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

இதய மருத்துவரிடம் கேட்டு ஏழு நாள் மாத்திரையை நிறுத்தி, அப்புறம் ஊசி போட்டார்கள். பத்து நாளில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. அதனால் ஊசியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்களிடம் சொல்லாமல் போடாதீர்கள் என்கிறேன்.

“ஒரே ஊசியில் ஜவ்வு உள்ளே போய்விடும்” என்று போர்டு வைக்கிறார்கள். ஊசி ஜவ்வை உள்ளே தள்ளுவதில்லை. ஸ்டீராய்டு நரம்பைச் சுற்றிய அழற்சியைத் தணிக்கிறது, அவ்வளவுதான். பிதுங்கியதைப் பல பேருக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை இல்லாமலே தேறுகிறார்கள். இதைச் சொன்னால் உங்களுக்கு வருமானம் குறையலாம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

என் மகள் பிசியோதெரபி படித்தவள். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விடுத்த எச்சரிக்கையை அவள்தான் படித்துக் காட்டினாள். முதுகுத்தண்டைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசியால் அபூர்வமாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, மரணம்கூட நேரலாம் என்கிறது அது. கழுத்தில் நரம்பு வெளியே வரும் துவாரத்தை ஒட்டியே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகும் ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. துகள் உள்ள ஸ்டீராய்டு அதற்குள் போனால் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பக்கவாட்டில் போடும்போது துகள் உள்ள மருந்து கூடாது என்று 2015இல் நிபுணர் குழு பரிந்துரைத்தது. பின்பக்கமாகப் போட்டால் கழுத்தின் அடியில், இடம் கொஞ்சம் தாராளமாக உள்ள மட்டத்தில், எக்ஸ்ரே திரையில் சாயம் பரவுவதைப் பார்த்துப் போடச் சொன்னது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியட்டும்.

ஊசிக்கு முந்தின நாளே தமிழில் ஒரு தாள் கொடுங்கள். என்ன மருந்து, எந்த வழியாக, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்துப் போடுவீர்களா, எந்த மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்த வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். சர்க்கரை சில நாள் ஏறும் என்றும் எழுதுங்கள். ஊசி போட்ட மறுநாள் இவருக்கு 310 காட்டியதும் நாங்கள் பதறி ஓடினோம். நடை தடுமாறினால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் வேண்டும். எங்கள் சீட்டில் ‘கழுத்து ஊசி போடப்பட்டது’ என்று மட்டும்தான் இருக்கிறது. போன வாரம் வேறொரு மருத்துவர் என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

தமிழில் எழுத ஆள் இல்லை என்றால் நானும் மகளும் எழுதித் தருகிறோம். மருத்துவ விஷயம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரரின் மனைவி