'கிக்' என்றால் போதை மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஓர் ஆங்கிலச் சொல் என்று ஒரு கட்டம் வருகிறது. சென்ற வாரம் 'கிக்' வந்தது. உதை, தொடக்கம், போதை என்று மூன்றே பொருளைப் போட்டுக் கட்டத்தை மூடிவிட்டீர்கள். அதே நாள் மாவட்டப் பக்கத்தில், சனி ஞாயிறுகளில் கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைப் பக்கம் போகிற கூட்டத்தைப் பற்றிய செய்திக்கு, 'கிக்' தேடி எல்லை தாண்டும் மதுப்பிரியர்கள் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. இரண்டையும் ஒரே காலையில் படிக்கிற பிள்ளைக்கு எந்தப் பொருள் மனதில் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். மாவட்ட அளவில் கால்பந்து நடுவராகவும் விசில் ஊதியிருக்கிறேன். இந்தச் சொல்லோடுதான் என் பிழைப்பே நடந்தது. ஆகவே என் தொழில் கட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மைதானத்தில் 'கிக்' என்று சும்மா சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எந்தக் கிக் என்று கேட்பார்கள். ஃப்ரீ கிக்கிலேயே இரண்டு சாதி. டைரக்ட் என்றால் நேரே கோலுக்குள் அடிக்கலாம். இன்டைரக்ட் என்றால் நடுவர் ஒரு கையை மேலே தூக்கியபடியே நிற்பார். பந்து இன்னொரு ஆட்டக்காரர் மேல் பட்ட பிறகுதான் கோல் செல்லும். யார் மேலும் படாமல் நேரே எதிரணியின் கோலுக்குள் போய்விட்டால் கோல் கிடையாது, அந்த அணிக்குக் கோல் கிக்தான், அதாவது தங்கள் கோல் முன்னாலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடர்வது. எதிரணி பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிற விதி. நம் பையன்கள் சுவர் போட்டு நின்றபடியே கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வருவார்கள். அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும்.

பெனால்டி கிக் 1891-இல் விதியானது. அயர்லாந்திலிருந்து போன யோசனை அது. கோலிலிருந்து புள்ளி 11 மீட்டர். கோல் கிக்கில் 2019-இல்தான் ஒரு மாற்றம் வந்தது: முன்பெல்லாம் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டி வெளியே போனால்தான் ஆட்டத்தில் சேர்த்தி, இப்போது உதைத்து நகர்ந்தாலே போதும். இது தெரியாத பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் பவுண்டரி கோட்டில் நின்றுகொண்டு நடுவரைத் திட்டுகிறார்கள். ஆட்டத்தைத் தொடங்குகிற கிக்-ஆஃபும் அப்படித்தான். பந்தை முன்னால்தான் தள்ள வேண்டும் என்ற கட்டாயம் 2016-இல் போய்விட்டது. உங்கள் கட்டத்தில் 'தொடக்கம்' என்று ஒற்றைச் சொல்லாக நிற்பது இந்தக் கிக்-ஆஃபிலிருந்து வந்ததுதான். கூட்டம், திட்டம், படப்பிடிப்பு எல்லாம் இன்று கிக்-ஆஃப் ஆகின்றன, பந்தைத்தான் காணோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் ஃப்ரீ கிக்கை 'கூ ஃப்ரான்' என்பார்கள். கூ என்றால் அடி. காலே வராத பேச்சு அது. நம் கிராமத்துப் பையன்களோ 'எத்துடா, எத்துடா' என்று கத்துவார்கள். தேவனாம்பட்டினம் மணலில் வெறுங்காலோடு ஆடுகிறவன் பந்தை எத்துவதைப் பார்த்தவர்களுக்கு, உதை என்ற சொல் அதற்குக் கொஞ்சம் கனமாகத்தான் படும்.

அடுத்து வண்டி. எங்கள் வயதுக்காரர்களுக்குக் கிக் என்றால் முதலில் வலது கால்தான் நினைவுக்கு வரும். பழைய புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் கிக்கரை ஓங்கி உதைத்தால் அது திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்ட வேண்டியதுதான். ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல இறக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்து நின்றதும் இன்ஜின் அழுத்தத்தைக் குறைக்கிற டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு இழை நகர்த்தி, விட்டுவிட்டு, பிறகு முழு உடம்பையும் காலில் இறக்கி ஒரே மிதி. டப், டப் என்று அது பேச ஆரம்பிக்கும்போது வருகிற திருப்தி பட்டனை அழுத்துகிறவர்களுக்குத் தெரியாது. எஸ்டி மோட்டார் சைக்கிளில் இன்னொரு வேடிக்கை: கியர் லீவரே கிக்கர். உள்ளே தள்ளித் திருப்பி மேலே தூக்கினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் இறக்கினால் கியர். புதிதாக ஓட்டுகிறவன் கிக்கர் எங்கே என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவான். இப்போது பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. ஐப்பசி மழையில் பேட்டரி இறங்கிய பிறகுதான் அதன் அருமை தெரிகிறது.

துப்பாக்கிக்கும் கிக் உண்டு. என்.சி.சி. பிள்ளைகள் சுடுகிற பாயின்ட் டூ டூ ரைஃபிளில் அது தெரியவே தெரியாது. பழைய த்ரீ நாட் த்ரீயில் பின்கட்டையைத் தோளோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் தோள்பட்டை கன்றிவிடும்.

'கிக்பேக்' என்று ஒன்று செய்தித்தாளில் அடிக்கடி அடிபடுகிறது. புல்லட் திருப்பி உதைப்பதற்கும் அதே பெயர். ஒப்பந்தத்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு சத்தமில்லாமல் கொடுத்தவர் கைக்கே திரும்பி வருவதற்கும் அதே பெயர். நம் ஊரில் இதைக் 'கட்டிங்' என்கிறோம். பாருங்கள், அங்கே லஞ்சச் சொல்லுக்குள் கிக் உட்கார்ந்திருக்கிறது. இங்கே கட்டிங் என்றால் குவார்ட்டரில் பாதியும்தான். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே கடையில் நின்றுதான் பேசியிருப்பார்கள் போலிருக்கிறது.

சரி, போதைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அந்தப் பொருள் இல்லை என்று நான் சொல்லவில்லை. குழம்பில் மிளகு தூக்கலாக இருந்தாலும் கிக், ராட்டினத்தில் வயிற்றைக் கலக்கினாலும் கிக், சரக்கு ஏறினாலும் கிக். ஆனால் அதே மொழியில் 'கிக் தி ஹாபிட்' என்றால் பழக்கத்தை உதறித் தள்ளுவது. குடியை விட்டவனைப் பற்றியும் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். உங்கள் கட்டத்தில் இது ஏன் வரவில்லை? 'கிக் தி பக்கெட்' என்றால் செத்துப்போவது. நாம் மண்டையைப் போட்டான் என்கிறோமே, அந்த மாதிரி. 1785-இல் லண்டனில் வெளியான கொச்சைச் சொல் அகராதியிலேயே அது இருக்கிறது. பன்றியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிற உத்தரத்துக்குச் சில வட்டாரங்களில் பக்கெட் என்று பெயர். சாகிறபோது அது காலால் அந்த மரத்தை உதைக்கும் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். வாளியை வைத்துப் படம் போட்டால் பிள்ளைகளுக்கு இது விளங்காது.

நம் வட்டாரத்தில் செத்துப்போவது என்கிற இந்தப் பொருளைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். இரண்டும் கள்ளச்சாராயச் சாவுகள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். சாராயத்தில் கலந்தது மெத்தனால். கிக் ஏற்றத்தான் கலக்கிறார்கள் என்று டீக்கடையில் எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் அப்படியே எழுதுகிறீர்கள். குடிக்கிற சாராயத்தில் உள்ள எத்தனாலைவிட மெத்தனாலுக்குப் போதை குறைவு. அதனால்தான் ஆபத்து அதிகம். குடித்தவன் ஒன்றும் ஏறவில்லையே என்று இன்னொரு பாக்கெட் வாங்குவான். வீட்டுக்குப் போவான், படுப்பான். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பல மணி நேரம் ஆகும். மறுநாள்தான் வயிற்று வலி, வாந்தி, கண் முன்னால் வெள்ளைத் திரை. கண் நரம்பைத்தான் அது முதலில் தின்னும். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது அதனால்தான். இதில் கிக் எங்கே இருக்கிறது?

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பைகளைப் பிரித்துப் பார்க்கிற போலீஸ்காரருக்குத் தெரியும், அது விளையாட்டு வேலை இல்லை என்று. ஆனால் அந்தச் செய்தி அச்சில் வரும்போது குடிகாரர் மதுப்பிரியர் ஆகிறார், சில நாள் 'குடி'மகன் ஆகிறார், சரக்கு 'கிக்' ஆகிறது. செத்தால் மட்டும் 'கள்ளச்சாராய சாவு' என்று கறுப்புக் கட்டம். முதல் நாள் சிரித்த அதே பக்கம்தான் மறுநாள் அழுகிறது. உங்கள் துணை ஆசிரியர்கள் எதுகை மோனைக்காகத்தான் இப்படிப் போடுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் பள்ளி ஆண்டு மலரில் நானும் தலைப்பு போட்டிருக்கிறேன். இடம் குறைவு, சொல் சுருக்கமாக வேண்டும், நேரம் வேறு இல்லை. 'மது வாங்க எல்லை தாண்டும் கூட்டம்' என்று போட்டாலும் அதே இடத்தில் அடங்கும். எண்ணிப் பாருங்கள்.

மது பற்றிய செய்தித் தலைப்புகளில் 'கிக்' வேண்டாம். விளையாட்டுப் பக்கத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் அங்கே கார்னரையும் கோல் கிக்கையும் மாற்றிப் போடாதீர்கள். மாநிலப் போட்டிச் செய்தியிலேயே அந்தக் குழப்பம் இருந்தது. மாணவர் பக்கத்தில் இந்தச் சொல்லை இன்னொரு முறை வெளியிட்டு, விடுபட்ட பொருள்களையும் சேருங்கள். எங்கள் மைதானத்துக்குக் காலையில் வருகிற பையன்கள் அந்தக் கட்டத்தை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள்.

அடுத்த வாரச் சொல் 'ரன்' என்று அறிவித்திருக்கிறீர்கள். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 600-க்கு மேல் பொருள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களாம். கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.