விந்தணு எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண் மலட்டுத்தன்மை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, விந்தணுக்களின் எண்ணிக்கையும் நீந்தும் திறனும் சரியாக இருந்தால் ஆணிடம் குறையில்லை என்று முடிந்திருந்தது. விந்துப் பரிசோதனைக்காகப் பல ஆண்டுகள் நுண்ணோக்கி முன் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் அம்முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. எண்ணிக்கையிலும் நீச்சலிலும் தெரியாத குறை விந்தணுவின் புரதங்களில் இருக்கலாம்.

பெரும்பாலும் ஒரு புரதம் உரிய வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். அது பிசகின்றி மடியத் துணைநிற்பவையே சாப்பரோன் புரதங்கள். இவை எல்லாச் செல்களிலும் உண்டு. விந்தகத்துக்கென்றே அமைந்த சிலவும் உண்டு. அவற்றுள் ஒன்று கால்மெஜின். அதற்குரிய மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் நீக்கிப் பார்த்து, 1997-இல் முடிவை வெளியிட்டனர். அந்த ஆண் எலிகளின் விந்தணுக்கள் தோற்றத்தில் இயல்பாக இருந்தன, நீந்தவும் செய்தன. ஆனால் முட்டையைச் சூழ்ந்துள்ள உறையில் அவற்றால் ஒட்ட முடியவில்லை. எலிகள் ஏறக்குறைய மலடாகவே இருந்தன. வளரும் விந்தணுவில் மட்டும் இருந்து, முட்டையோடு பிணைய வேண்டிய மேற்பரப்புப் புரதங்களைப் பக்குவப்படுத்திவிட்டு, விந்தணு முதிரும்போது கால்மெஜின் மறைந்துவிடுகிறது. அது செய்யத் தவறிய வேலை நுண்ணோக்கிக்கு எப்படித் தெரியும்?

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது என்பது உண்மைதான். ஆயினும் எச்எஸ்பிஏ2 என்னும் மற்றொரு சாப்பரோன் குறைவாக உள்ள மனித விந்தணுக்கள் முட்டையுறையில் ஒட்டுவதில் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், 42 சதவீத அசைவு என்று கீழ் எல்லைகளைத் தருகிறது. குழந்தை பெற்ற ஆண்களிடம் எடுத்த அளவுகளிலிருந்து வகுத்த எல்லைகளே இவை. கருத்தரிக்க வைக்கும் ஆற்றலுக்கான சான்றிதழ் அல்ல. இவற்றைத் தாண்டிய அறிக்கைகளில் 'இயல்பு' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தாளை வாங்கிய கணவரின் முகம் தெளியும். அருகில் நின்ற மனைவியோ, அப்படியானால் குறை தன்னிடம்தான் என்று அந்த நொடியிலேயே தலைகுனிந்துவிடுவார். அதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சாப்பரோன் புரதங்களை அளப்பது வழக்கமான பரிசோதனைகளில் இன்னும் இடம்பெறவில்லை. அந்த 'இயல்பு' எண்ணிப் பார்த்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அடுத்த இதழிலாவது தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்