அடியில் படுத்துப் பார், பிறகு பேசுவோம்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்பு நண்பன் மாணிக்கத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி லட்சுமிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததையும், உன் மூத்த மகளுக்குப் பந்திங்குக்கே மாற்றல் கிடைத்ததையும் படித்து நானும் சரோஜாவும் மகிழ்ந்தோம். இங்கே எல்லாரும் நலம். பிற்பகல் மூன்று மணியானால் மழை பிடித்துக்கொள்கிறது. அதற்குள் வெளி வேலைகளை முடித்துவிட வேண்டியிருக்கிறது. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுவதும் நீ கேட்ட காரைப் பற்றியதுதான்.

உன் மாமனார் விட்டுச்சென்ற மோரிஸ் மைனரை வீட்டிலேயே வைத்துச் சரிசெய்து ஓட்ட முடியுமா, அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இயந்திரம் சுற்றுகிறது, பெயின்ட் மட்டும் மங்கியிருக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிட்டு, முடிவு சொல் என்கிறாய். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு எந்த முடிவும் சொல்ல முடியாது, மாணிக்கம். நின்றுபோன இயந்திரத்தை ஓட வைத்துவிடலாம், மங்கிய பெயின்ட்டைச் சுரண்டி மறுபடி அடித்துவிடலாம். ஆனால் மைனரின் தலையெழுத்து நாம் கால் வைக்கும் தளத்துக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க ஒரு டார்ச் விளக்கும், ஒரு பழைய திருப்புளியும், தரையில் படுக்கச் சம்மதிக்கும் முதுகும் வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். லாரிக்கும், தோட்டத்துத் துரைமார் வைத்திருந்த லேண்ட் ரோவருக்கும் சேசிஸ் என்ற கனமான தனி இரும்புச் சட்டம் உண்டு. மேலே உள்ள உடல் துருப்பிடித்தாலும் சட்டம் வண்டியைத் தாங்கி நிற்கும். 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், அந்தத் தனிச் சட்டத்தை விட்டுவிட்டு, மடித்துப் பற்றவைத்த தகடுகளே பாரத்தைச் சுமக்கும்படி உடலை அமைத்தார். இயந்திரத்தின் இருபுறமும் வரும் இரண்டு பெட்டிக்கால்கள், முன்னிருக்கைகளுக்கு அடியில் குறுக்காகக் கிடக்கும் ஒரு விட்டத்தில் வந்து சேர்கின்றன. முன்சக்கரங்களுக்குச் சுருள்வில்லுக்குப் பதிலாக இருக்கும் டார்ஷன் பார் என்ற நீண்ட முறுக்குக் கம்பிகளின் பின்முனை அந்த விட்டத்தில்தான் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடங்களும் அதன் இரு முனைகளிலேயே இருக்கின்றன. ஆகவே அங்கே பிடித்த துருவை அழகுக் குறை என்று நினைத்துவிடாதே. அது வண்டியின் முதுகெலும்பில் கண்ட நோய்.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அதனால்தான் அங்கே இந்த வண்டிகள் சீக்கிரம் அரித்துப்போயின. நமக்கு அந்த உப்பு இல்லை என்று ஆறுதல் அடைவதற்கில்லை. இரும்பும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு பிடிக்கும், ஈரத்துக்கோ இந்த நாட்டில் பஞ்சமே கிடையாது. தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் கம்பளி ஒருமுறை நனைந்தால் மாதக்கணக்கில் காயாது. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைத் தூசி அடைத்துக்கொண்டால் மழைநீர் கதவுக்குள்ளேயே தங்கிவிடும். முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் தளத்தின் மூலைக்கு இறங்கும். உன் ஊருக்கு மோரிப் கடற்காற்றும் உண்டு; அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

என் வண்டியைப் பற்றி முன்பு மேலோட்டமாகத்தான் எழுதியிருந்தேன். நம் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஐயா ஓட்டிய அதே சாம்பல்நிற மைனர்தான். 1960-ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி இயந்திரம். தோட்டம் ரப்பர் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறி, தொழிலாளர் லயங்களும் காலியான பிறகு, அவர் குடும்பம் அதை ஒரு தகரக் கொட்டகையில் விட்டிருந்தது. பின்பெட்டிக்குள் கோழிகள் அடைந்து கிடந்தன. கோழி எச்சம் ஈரத்தோடு சேர்ந்தால் தகட்டை எப்படித் தின்னும் என்பதை அங்கே பார்த்தேன். உதிரிச் சக்கரம் வைக்கும் தட்டு விரல் பட்டதும் ரொட்டிச் சானாய் போல அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது.

பின்பெட்டியாவது உள்ளதை உள்ளபடி காட்டியது. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் பகுதி வெளியே வழவழப்பாக, நன்றாகப் பெயின்ட் அடித்து இருந்தது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அதன்மேல் நகர்த்தினேன். ஒரு சாண் தூரம் பிடித்த காந்தம் அடுத்த இரண்டு முழத்துக்குப் பிடிக்கவே இல்லை. திருப்புளியால் குத்தியதும், பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி என்ற பசை பாளம்பாளமாக விழுந்தது. அதற்குப் பின்னால் கம்பிவலை, வலைக்குப் பின்னால் திணித்து வைத்த பழைய தமிழ் நாளிதழ். தீபாவளிச் சேலை விளம்பரம் ஒன்றை இன்னும் வாசிக்க முடிந்தது. எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு பட்டறையில் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலை அது. ஓட்டையை மூடியதோடு நில்லாமல், தண்ணீரை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கவும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். பட்டியின்மேல் எனக்கு வெறுப்பில்லை. நல்ல தகட்டில் உள்ள சிறு பள்ளத்தை நிரப்ப அது வேண்டும். தகடே இல்லாத இடத்தில் அதற்கு வேலை கிடையாது.

ஆகவே நீ செய்ய வேண்டிய முதல் வேலை காந்தமும் திருப்புளியும்தான். குறுக்கு விட்டத்தின் இரு முனைகள், முன்சக்கரத்துக்குப் பின்னால் மண் வாரியடிக்கும் மூலைகள், கதவுக் கீல் பொருந்திய தூணின் அடிப்பாகம், பின்பக்கப் பட்டை வில்கள் தொங்கும் இடங்கள், பின்பெட்டித் தளம் ஆகியவற்றைத் தட்டிப் பார், அழுத்திக் குத்தியும் பார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது பொத்தென்று ஒலிக்கும். பிறகு ஒரு பக்கத்தை மெதுவாக ஜாக்கியில் தூக்கி, அந்தப் பக்கக் கதவை மூடிப் பார். கதவு இடித்தாலோ, கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள சந்து மாறினாலோ, உடல் வளைகிறது என்று பொருள். ஜாக்கி உயர்ந்தும் வண்டி உயராமல், தகட்டுக்குள் ஜாக்கி புகுந்தால், வேறு சோதனை எதுவும் தேவையில்லை. இன்னொன்று: ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதே. ஆக்சில் ஸ்டாண்டு என்ற இரும்புத் தாங்கிகளை வைத்து, அவற்றையும் சிமெண்டுத் தரையில் வை. மழை பெய்த மண்ணில் அவை ஒருபக்கமாக இறங்கும்.

துரு அந்த மூலைகளோடு நின்றிருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்பது என் எண்ணம். ஆனால் வெல்டிங் விஷயத்தில் கவனம் வேண்டும். நம் ஊர்களில் வாசல் கேட்டும் கிரில்லும் செய்பவர் குச்சி வெல்டிங்கில் கைதேர்ந்தவராக இருப்பார். அதே குச்சியை ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள கார்த் தகட்டில் வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும். இதற்கு மெல்லிய கம்பியும், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவும் பயன்படுத்தும் மிக் வெல்டிங் வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்; இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டுத்தான் இடைவெளியை நிரப்ப வேண்டும். கூரைக்குப் போடும் துத்தநாகம் பூசிய தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வெட்டி ஒட்டாதே. அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவு குளிர்க்காய்ச்சல் வரும். பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வெகுதூரம் கொண்டுபோய் வைக்காமல் தீப்பொறி எழுப்பாதே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

சில் பகுதியை வெட்டுவதற்கு முன்னால், கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து உடலை இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கதவை மாட்டி மாட்டிச் சந்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டிய வண்டி நடுவில் தொய்ந்துவிட்டால், பிறகு எந்தக் கதவும் எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது.

கழற்ற முடிந்த சிறு இரும்புகளுக்கு எனக்கு மிகவும் பிடித்த முறை மின்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பொருளை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத ஓர் இரும்புத் துண்டை நேர்முனையிலும் கட்டித் தொங்கவிட்டால், மறுநாள் காலையில் துரு கருஞ்சேறாகத் தளர்ந்திருக்கும். தூரிகையால் தேய்த்தால் நல்ல இரும்பு தேயாமல் வெளியே வரும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியைக் கட்டிவிடாதே, அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகக் கரையும். கழற்ற முடியாத இடங்களில் துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவத்தைப் பூசினால், எஞ்சிய துரு கறுத்துக் கெட்டிப்பட்டு பிரைமரை ஏற்கும். வெல்டிங் முடிந்த பெட்டிப் பகுதிகளின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த திரவத்தைக் குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு வடிகால் துளையைப் பெயின்ட்டால் அடைத்தால் மறுபடி கதை முதலிலிருந்து தொடங்கும்.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஏனென்றால் அது எளிது. மைனரில் 1952 முதல் வந்த ஏ-சீரிஸ் இயந்திரம், 2000-ஆம் ஆண்டு வரை மினி காரில் தொடர்ந்தது. ஆகவே சாமான் கிடைக்கிறது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் என்பதால் உடல் தகடுகளும் இன்னும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம், வால்வு மூடும்போது பதியும் விளிம்புகளான வால்வு இருக்கைகளைப் பாதுகாத்தது. இப்போதைய பெட்ரோலுக்குக் கடினமான இருக்கைகளைப் பொருத்திவிட்டால் கவலையில்லை. பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும் என்பதை மட்டும் மறக்காதே. புது ரேடியோவை மாமூல்படி இணைத்தால் கருகிவிடும்.

பிரேக்தான் என்னைப் பிழிந்தெடுத்தது. பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை ஓட்டுநரின் காலடியில், நான் மேலே சொன்ன பெட்டிக்காலுக்குள்ளேயே புதைத்து வைத்திருக்கிறார்கள். மேலிருந்து ஒரு மூடியைத் திறந்தால் எண்ணெய் ஊற்றும் வாய் தெரியும். கழற்றலாம் என்று போல்ட்டை உருவினால், அது பாதி வந்து டார்ஷன் பாரில் இடித்து நின்றுவிடும். முறுக்குக் கம்பியைத் தளர்த்தி நகர்த்தாமல் அந்தப் போல்ட் வெளியே வராது. இசிகோனிஸ் மேதைதான், ஆனால் இந்தச் சிலிண்டரை அவர் தம் கையால் ஒருமுறையாவது கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால், ஓரிடத்தில் கசிந்தால் கால்பிரேக் முழுவதும் போய்விடும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காமல் சிலிண்டர், குழாய், ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகவே போடு. பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் ஊதாமல் ஈரத்துணியால் துடை.

பெயின்ட்டை மட்டும் நான் வெளியே கொடுக்கப் போகிறேன். கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து அடிக்கும் இக்காலப் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது வாசலில் அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

செலவு எவ்வளவு என்று கேட்டிருந்தாய். ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். சரோஜா அதை முழுவதும் வாசித்தாள், எதுவும் சொல்லவில்லை. செலவழிக்கும் பணத்துக்கு ஈடாக விற்கும்போது திரும்பக் கிடைக்கும் என்ற நினைப்பில் தொடங்காதே. டிரெசர் ஐயாவின் வண்டி சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மறுபடி ஓட வேண்டும் என்பதற்காக நான் செய்கிறேன்; உனக்கும் உன் மாமனார் வண்டிமேல் அப்படி ஓர் ஒட்டுதல் இருந்தால் இறங்கு. இல்லாவிட்டால், துருவை மறைக்காமல் காட்டி, விரும்புகிறவருக்குக் கொடுத்துவிடு. அதிலும் மரியாதை குறையாது.

எதைச் செய்தாலும் முதலில் வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டை எடுத்துப் பார். இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தால், ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் வாரிசுகள் எல்லாரும் உட்கார்ந்து பேசி, பெயர் மாற்றத்துக்கு வழி பாருங்கள். அப்போது வாகனச் சோதனை தேவையா என்றும் விசாரித்துக்கொள். இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் உள்ளபடியே வண்டியிலும் இருக்க வேண்டும். துருவை வெட்டும் வேகத்தில் எண் பொறித்த தகட்டை இழந்துவிட்டால், அதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

நான் சொன்ன இடங்களை எல்லாம் குத்திப் பார்த்துவிட்டு, மறைக்காமல் படம் எடுத்து அனுப்பு. விட்டத்தின் முனைகள் உறுதியாக இருந்தால், மழை குறையும் மாதத்தில் நானே என் வெல்டிங் முகமூடியோடு பந்திங் வந்து உன் வீட்டில் தங்கிவிடுகிறேன். தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லி வை.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். இந்த வண்டியின் நட்டு போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் வழுக்கி முனை மழுங்கிவிடும். கிள்ளான் பக்கம் பழைய சாமான் கடைகளுக்குப் போனால், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலத்தை அங்குலத்தில் குறிக்கும் ஏ.எஃப். அளவு ஸ்பானர் பெட்டி ஏதும் கிடைக்கிறதா என்று பார். 7/16-உம் 1/2-உம் கட்டாயம் இருக்க வேண்டும், அவை இரண்டும்தான் அதிகம் தேவைப்படும். விலையைச் சொன்னால் பணம் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
கோவிந்தன்