லோஸியின் 'எம்'மையும் பார்த்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைகளைக் கொல்பவனைத் துரத்தும் ஜெர்மன் படம், ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்' பார்த்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் கடைசியில், "இதைப் போய் 1951இல் அமெரிக்காவில் ஜோசப் லோஸி என்று ஒருவர் திரும்ப எடுத்திருக்கிறாராமே, என்ன அவசியம்?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி பலருக்கும் உண்டு, அதனால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

லாங்கின் படம்தான் பெரிது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 1931இல் வந்த அவருடைய முதல் பேசும் படம் அது. பேச்சும் பாட்டுமாக எல்லோரும் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பின்னணி இசையே வைக்கவில்லை. அம்மா "எல்ஸி, எல்ஸி" என்று கூப்பிடுகிறாள். ஆளில்லாத மாடிப்படி, துணி காயப்போட்ட பரண், மேசையில் வெறும் தட்டு, உருண்டு வந்து நிற்கும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன், அவ்வளவுதான், குழந்தை இனி வரமாட்டாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. கொலைகாரன் மாட்டுவதும் சத்தத்தால்தான்: அவன் சீட்டியடிக்கும் மெட்டைப் பலூன் விற்கும் பார்வையற்றவர் அடையாளம் கண்டுகொள்கிறார். கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரிக்குச் சீட்டியடிக்க வராது, அதைத் தானே அடித்ததாக லாங் சொல்லியிருக்கிறார்.

சரி, லோஸிக்கு வருவோம். இரண்டு படங்களுக்கும் தயாரிப்பாளர் ஒருவர்தான், சீமோர் நெபன்சால். நாஜிகள் வந்த பிறகு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். குழந்தைகளைக் கொல்பவனைப் பற்றிப் புதிதாக ஒரு கதை என்று போயிருந்தால் ஹாலிவுட்டின் தணிக்கை அலுவலகம் விட்டிருக்காது, புகழ்பெற்ற படத்தின் மறுஆக்கம் என்பதால்தான் வழி கிடைத்தது. லாங் அப்போது ஹாலிவுட் இருக்கும் அதே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம்தான் இருந்தார். அவருக்கு இது பிடிக்கவே இல்லை. லோஸியும் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு சங்கடத்தோடு ஆரம்பித்த ஆள் என்ன செய்தார் என்று பார். கேமராவைத் தெருவுக்குக் கொண்டுபோனார். லாஸ் ஏஞ்சல்ஸில் பங்கர் ஹில் என்ற பழைய குடியிருப்பு, மேட்டில் ஏறும் படிக்கட்டுகள், இற்றுப்போன மர வீடுகள், எல்லாம் நிஜ வெயிலில். பிற்பாடு அந்த வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள், அதனால் இன்றைக்கு அந்தக் காட்சிகளே ஒரு ஊரின் ஆவணம். கொலைகாரன் ஒளிந்துகொள்ளும் இடம் பிராட்பரி கட்டடம், நீ 'பிளேட் ரன்னர்' படத்தில் பார்த்த அதே இரும்புப் படிக்கட்டும் கண்ணாடிக் கூரையும்தான்.

ஆனால் நான் சண்டை போடுவது அதற்காக இல்லை, கடைசி விசாரணைக்காக. லாங் படத்தில் பாழடைந்த சாராய ஆலையில் திருடர்களே நீதிபதியாக உட்கார்ந்து லோரியை விசாரிக்கிறார்கள். லோஸி அதைக் கார் நிறுத்தும் இடத்தின் சரிவுப் பாதைக்கு மாற்றுகிறார். இதில் கொலைகாரனாக வரும் டேவிட் வேன் அங்கே நின்று குமுறுகிறார், கூட்டம் ரத்தம் கேட்கிறது. அவருக்காக வாதாட தாதா மார்ஷல் நிறுத்துவது லாங்லி என்ற குடிகார வக்கீலை. பத்திரிகைக்காரர்கள் வரும்வரை கூட்டத்தைப் பேச்சில் பிடித்து வைக்கத்தான் அந்த ஆள் வேண்டும். பேசப்பேச லாங்லிக்கு உள்ளே என்னவோ விழித்துக்கொள்கிறது, பேச்சு மார்ஷலையே குற்றம் சாட்டும் பக்கம் திரும்புகிறது, மார்ஷல் அவரைச் சுட்டுவிடுகிறான். இது ஜெர்மன் படத்தில் கிடையாது.

ஏன் இந்த மாற்றம்? அந்த வருஷத்தை நினைத்துப் பார். யார் கம்யூனிஸ்ட், யார் பெயரைச் சொல்வாய் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு ஹாலிவுட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. லோஸி 1947இல் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'கலிலியோ' நாடகத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் மேடையேற்றியவர் (லோரியும் பெர்லினில் பிரெக்டோடு வேலை செய்தவர்தான்); அதே குழு முன்னால் பிரெக்ட் நின்றபோது கூடவே போனவர். இந்தப் படத்தில் இன்ஸ்பெக்டராக வரும் ஹோவர்ட் டா சில்வா, தாயாக வரும் கேரன் மார்லி, கூடுதல் வசனம் எழுதிய வால்டோ சால்ட், எல்லோரும் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் வேலை மறுக்கப்பட்டவர்களின் கறுப்புப் பட்டியலுக்குப் போனவர்கள். படம் வெளியான அந்த 1951இலேயே லோஸி நாட்டை விட்டுப் போனார். அதன்பிறகு பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் படமெடுத்தார். அடுத்தவன் எழுதிய கதைதான், ஆனால் கூட்டத்தின் நடுவே ஒரு மனிதன் தனியாக நிற்பதை எடுக்கும்போது அவர் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் இன்னொரு விஷயம். ஒஹாயோ மாநிலம் இந்தப் படத்துக்கு அனுமதி மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1954இல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பானது. தணிக்கைக்கு எதிரான பெரிய வழக்குகளைப் பற்றிப் படிப்பாயே, அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்.

பார்க்கும்போது இரண்டு படத்தையும் ஒரே நாளில் பார்க்காதே, லாங் லோஸியை விழுங்கிவிடுவார். சில நாள் விட்டுப் பார். லாங்லியாக வரும் லூதர் ஆட்லரை மட்டும் கவனமாகப் பார்த்து, எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்