நல்ல வால்வைக் கழற்றிவிட்டுப் பணம் வாங்கியது குறித்த புகார்

பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழுதில்லாத எரிவாயு வால்வை மாற்றி 864.45 டொலர் அறவிட்டமை

ஐயா / அம்மையீர்,

“எங்களிடம் தமிழிலேயே பேசலாம்” என்று உங்கள் விளம்பரம் சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் உங்களை அழைத்தேன். ஆகவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். விளங்கவில்லை என்று எவரும் சொல்ல வழியிருக்காது.

கடந்த ஜனவரி 21 இரவு, ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் வேலை செய்யாமல் நின்றது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 17 பாகை. உள்ளே 14 பாகைக்கு இறங்கிவிட்டது. 79 வயதான என் அம்மா இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு, சிறிய மின்கணப்பின் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

உங்களை அழைப்பதற்கு முன் நிலவறைக்குப் போய், ஃபர்னஸ் கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியே பார்த்தேன். புகையை வெளியேற்றும் விசிறி சுழன்றது. பற்றவைக்கும் தண்டு செந்தணலாகப் பழுத்தது. வால்வு ‘டக்’ என்றது. நீலச் சுவாலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன், அணைந்துவிட்டது. மூன்று முறை இதே கதை. அதன்பின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் கைப்பேசியில் காணொளியாகப் பிடித்தேன். உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த பெண்ணிடமும் “பற்றி, நான்கு விநாடியில் அணைகிறது” என்றே சொன்னேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

இரவு பத்தரைக்கு வந்த தம்பி மரியாதையான பிள்ளை. காலணிக்கு மேல் உறை போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஆனால் பத்து நிமிடத்தில் மேலே வந்து, “அண்ணை, கேஸ் வால்வு போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்றார். காணொளியைக் காட்டப் போனேன், தேவையில்லை என்றார். அவருடைய மின்னளக்கும் மீற்றர் பையை விட்டு வெளியே வரவேயில்லை. குளிரில் நடுங்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நான் என்ன வாதாடுவது? சம்மதித்தேன். வருகைக் கட்டணம் 120, வால்வு 410, கூலி 235, அதற்கு மேல் வரி. புறப்படும்போது, 13 வயது ஃபர்னஸ் இனித் தாங்காது, மாத வாடகைக்குப் புதிது எடுக்கலாம் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தையும் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 23 விடியற்காலை நான்கு மணிக்கு மறுபடியும் அதே நான்கு விநாடிச் சுவாலை. உங்கள் அலுவலகத்தை அழைத்தேன். “வால்வு புதியது, அப்படியென்றால் பலகைதான் பழுது” என்றார்கள், ஒருவரும் வந்து பார்க்காமலே. ஆள் வர மூன்று நாளாகும் என்றும் சொன்னார்கள். வேறொரு திருத்துநரைக் கூப்பிட்டேன்.

அவர் முதலில் கேட்டது காணொளியைத்தான். ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். “வால்வு திறக்காவிட்டால் சுவாலை எப்படி வரும்?” என்றார். அந்த ஒரு கேள்விக்கு உங்கள் பதில் என்ன என்பதை அறியத்தான் இந்தக் கடிதம்.

எரிமுனைகளின் பக்கத்தில் சுவாலையை உணரும் மெல்லிய தண்டு ஒன்று இருக்கிறது. நெருப்புப் பற்றியதும் அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் போகும். அது போதாவிட்டால், நெருப்பே இல்லை என்று எண்ணிப் பலகை வால்வை மூடிவிடும். தண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் பூத்த குச்சி போல இருந்தது. அளந்தபோது 0.5 மைக்ரோ அம்பியர். இரும்புக் கம்பளியால் தேய்த்துத் திரும்பப் பூட்டியதும் 3.9. அன்று முதல் இன்றுவரை ஃபர்னஸ் ஒருமுறைகூட நிற்கவில்லை. அவர் வாங்கியது வரியோடு 152.55 டொலர்.

அப்படியானால் உங்கள் ஆள் வந்துபோன பின் ஒரு நாளுக்கு மேல் எப்படி ஓடியது என்று கேட்டேன். மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலே, மூன்று முறை அணைந்தபின் பலகை தானே போட்டுக்கொண்ட பூட்டு விலகிவிடும். தண்டின் நிலை எல்லைக்கோட்டில் இருந்ததால் சில நேரம் சுவாலை நிலைக்கும், சில நேரம் அணைந்துவிடும் என்றார்.

வால்வு பழுதாகவே ஆகாது என்று நான் வாதிடவில்லை. 2024 ஜூலை மழையில் என் நண்பர் வீட்டு நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து ஃபர்னஸின் அடிப்பாகம் மூழ்கியது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத வால்வை ஒரு பேச்சுமில்லாமல் மாற்றினார்கள். அது சரி, நீரில் மூழ்கிய வால்வை நம்பக்கூடாது என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. தெர்மோஸ்டாட் வெப்பம் போதும் என்ற பிறகும் சுவாலை அணையாமல் நின்றால் மாற்றலாம். வால்வின் உடலிலேயே வாயு கசிந்தால் மாற்றலாம். வால்வின் முனைகளுக்கு 24 வோல்ட் வந்து, குழாயிலும் தேவையான அழுத்தம் இருந்து, அப்போதும் அது திறக்காவிட்டால் கண்டிப்பாக மாற்றலாம். இவற்றில் எது எங்கள் வீட்டில் இருந்தது? இரண்டு நிமிடம் மீற்றரை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனிச் சொல்வது பணத்தை விடப் பெரிய விடயம். புதிய வால்வைப் பூட்டியவர் அதிலிருந்து வரும் வாயுவின் அழுத்தத்தை அளந்து சரிசெய்ய வேண்டும். எங்கள் ஃபர்னஸின் தகட்டில் 3.5 அங்குல நீரழுத்தம் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டாவதாக வந்தவர் அளந்தபோது 4.2 காட்டியது. தேவைக்கு மேல் எரியும் ஃபர்னஸின் மேல் மாடியில்தான் என் அம்மாவும் பிள்ளைகளும் இரண்டு இரவு உறங்கினார்கள். உங்கள் பற்றுச்சீட்டில் ‘அழுத்தம்’, ‘கசிவுச் சோதனை’ என்ற இரண்டு கட்டங்களும் வெறுமையாகவே இருக்கின்றன. சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்ததை நான் காணவில்லை. எரிவாயு வேலைகளைக் கண்காணிக்கும் ஒன்ராறியோ பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ, வேலை செய்தவருக்குக் கொடுத்த சான்றிதழின் எண்ணும் அதில் இல்லை.

நான் கேட்பது இவைதான். வால்வுக்கும் கூலிக்கும் வரியோடு வாங்கிய 728.85 டொலரைத் திருப்பித் தாருங்கள். வருகைக் கட்டணத்தைக் கேட்கவில்லை. அந்தத் தம்பி அந்தக் குளிரில் வண்டியோட்டி வந்தது உண்மை. எந்த அளவீட்டை வைத்து வால்வு பழுது என்று முடிவு செய்தார்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். அந்தச் சான்றிதழ் எண்ணையும் தாருங்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் ரி.எஸ்.எஸ்.ஏ.க்கும் இதே விபரங்களை அனுப்புவேன். அதை ஆங்கிலத்தில் எழுதுவேன்.

கழற்றிய பழைய வால்வை உங்கள் ஆள் எடுத்துப்போக முனைந்தபோது நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டாவதாக வந்தவர் சமையலறை மேசையில் வைத்து 24 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். ‘டக்’ என்று திறந்தது. வாயு இல்லாமல் பார்ப்பது முழுச் சோதனை ஆகாது என்று அவரே சொன்னார், நானும் ஒப்புக்கொள்கிறேன். அது இப்போது ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. உங்களில் எவரும் மீற்றரோடு வந்து என் முன்னிலையில் சோதிக்கலாம். மாலை ஆறு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரு பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், பற்றுச்சீட்டின் வெற்றுக் கட்டங்களைக் காட்டும் படம், 41 விநாடிக் காணொளி