வடை எப்போது விழ வேண்டும்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா முட்டி வலி குறைந்து நடமாடுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் உன் வகுப்புப் பிள்ளைகள் "அப்புறம்... அப்புறம்..." என்றே இழுப்பதாக எழுதியிருந்தாய். என் இரண்டாம் வகுப்பிலும் அதேதான். போன மாதம் ஸ்கிராட்ச் ஜூனியரை எடுத்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்து, 2014-இல் வெளியிட்ட இலவசச் செயலி. டேப்லெட்டில் உருவங்களுக்குக் கட்டளை கொடுத்து, அவற்றை நகரவும் பேசவும் வைத்துப் பிள்ளைகளே கதை செய்யலாம். கட்டளைகள் எல்லாம் படம் போட்ட கட்டைகள். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகூட இடமிருந்து வலமாகக் கோத்துவிடும்.

பாட்டி வடை சுட்ட கதையைக் கொடுத்தேன். ஒரு கதைக்கு 4 பக்கம்தான், அதற்கு மேல் அந்தச் செயலி விடாது. இந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இடம் போதவில்லை என்று ஒருவன் பாட்டியை எடுத்துவிட்டான். "பாட்டி இல்லாம வடை ஏதுடா?" என்று பக்கத்தில் இருந்தவள் பிடித்துக்கொண்டாள். கதையில் எது இல்லாவிட்டால் கதையே நிற்காது என்று இரண்டு பேரும் கால் மணி நேரம் வாதாடினார்கள்!

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் இருக்கிறாள். செயலியில் முதலில் நிற்கும் பூனைக்கு வாலை நீட்டி, காதைக் கூராக்கி நரியாக்கிவிட்டாள். பச்சைக் கொடியைத் தொட்டால் எல்லா உருவமும் ஒன்றாக இயங்கத் தொடங்கும். அதனால் காக்கா வாயைத் திறக்கும் முன்பே வடை விழுந்துவிட்டது. அவளுக்கு அது பொறுக்கவில்லை. வடை விழும் கட்டளைக்கு முன்னால் 'காத்திரு' என்னும் கட்டையைப் போட்டு, எவ்வளவு நேரம் என்று அதில் இருக்கும் எண்ணை மாற்றிப் பார்த்தாள். சரியாக வந்தது. அப்புறம் நரிக்கு இன்னும் இரண்டு வரி பேச்சு சேர்த்ததும் மறுபடி குழம்பிப்போனது.

அப்போதுதான் கடித உறைபோல இருக்கும் கட்டையைக் காட்டினேன். காக்கா பாடி முடித்ததும் அந்த உறையை அனுப்பும். அது கிடைத்த பிறகே வடை விழும். போட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "காக்கா கா-ன்னு பாடுச்சு டீச்சர், அதனால வடை விழுந்துச்சு" என்றாள். "அப்புறம்" இல்லை, "அதனால"! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அந்த "கா"வையும் தன் குரலிலேயே பதிவு செய்தாள்.

உன் பள்ளியில் டேப்லெட் இல்லையென்றால் பரவாயில்லை. அட்டையில் உறை வெட்டிக் காக்காவாக நிற்கும் பிள்ளையிடம் கொடு. அந்த உறை கைக்கு வந்தால்தான் வடையாக நிற்கும் பிள்ளை உட்கார வேண்டும். நான் முதல் நாள் இப்படித்தான் நடிக்கவைத்தேன். ஒரே டேப்லெட்டைச் சுற்றி ஆறு பேர் முண்டுவதைவிட இது நல்ல தொடக்கம்.

முழுப் பரீட்சை லீவுக்கு முன்னால் ஒரு நாள் அவசியம் வா. அவள் வரைந்த வடையை நீ பார்க்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாக ஆகாசம் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் தோழி