பிறந்தவர் செய்த முறைகேடு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொத்து வழக்கு ஒன்றைப் பற்றிய தங்கள் செய்தியில் வாதியை ‘முறைகேடாகப் பிறந்தவர்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். முறை தவறியவர்கள் பெற்றோராக இருக்கலாம். பிறந்தவர் செய்த முறைகேடு என்னவென்று விளங்கவில்லை.

பழைய தர்மசாத்திரங்கள் இவ்வகைப் பிறப்புக்குப் பல பெயர்களை வைத்திருந்தன. மணமாகாத பெண் தந்தை வீட்டில் பெற்ற மகன் கானீனன், கர்ணன் அவ்வகையினன். கணவன் உயிரோடிருக்கையில் பிறனுக்குப் பிறந்தவனைக் குண்டன் என்றும் (பருமனானவர் என்ற இன்றைய பொருளில் அல்ல), கணவன் இறந்தபின் அவ்வாறு பிறந்தவனைக் கோளகன் என்றும் மனுநூல் பிரிக்கிறது. இம்மூன்றும் தாயின் நிலையைக் கொண்டே அமைந்தவை. பெற்றவனைச் சுட்டுவது ஒன்றுமில்லை.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, 1976இல் திருத்தப்பட்டபின், செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தையையும் சட்டபூர்வமான குழந்தையாகவே கொள்கிறது. அக்குழந்தைக்குப் பெற்றோரின் சொத்தில் மட்டுமே உரிமை உண்டு எனினும், கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்குச் சேரவேண்டிய பங்கும் அதில் அடங்கும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. திருமணமே நடவாத உறவில் பிறந்தவருக்கு இந்தப் பிரிவின் பாதுகாப்பு இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அவரைத் தாய்க்கு உறவாகக் கொள்கிறதே தவிர, தந்தைக்கு உறவாகக் கொள்வதில்லை.

எனவே ‘செல்லாத திருமணத்தில் பிறந்தவர்’, ‘மணமாகாத பெற்றோருக்குப் பிறந்தவர்’ என்று பிரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். இருவருக்கும் உரிமை வேறு வேறாக இருப்பதால், வழக்கு எதைப் பற்றியது என்பதும் வாசகர்களுக்கு அப்போதுதான் புரியும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்